எடைக்கு எடை காலி

மூன்று மணிக்குள் ஒரு வீடியோவைத் திறக்க வேண்டும். திறந்தால் எர்மெக் வீட்டுக்கு வருவான். திறக்காவிட்டால் பதினைந்து வருஷம் உள்ளே.

இதைச் சொல்லிவிட்டு எர்மெக்கின் அக்கா சினாரா ஒரு பென் டிரைவை எங்கள் துப்பறியும் அலுவலக மேஜைமேல் வைத்தாள். மணி அப்போது பத்தேகால். வழக்கு நாலு மாதமாக நடக்கிறது, எங்களிடம் வருவதோ தீர்ப்பு நாளன்று காலையில். பிஷ்கெக்கில் எல்லாரும் இப்படித்தான். பல் ஆடி விழுந்த பிறகுதான் பல் டாக்டரைத் தேடுவார்கள்.

"எத்தனை பேர்கிட்ட காட்டினே?" என்று கேட்டார் ஒரோஸ்பெக்.

"மூணு கடை, பைகே. மூணு பேரும் ஃபைல் கெட்டுப்போச்சுன்னுட்டாங்க. கோர்ட்டு நிபுணர் ரெண்டு மாசம் வச்சிருந்து, 'திறக்க இயலவில்லை'ன்னு எழுதிக் குடுத்தார். அவ்வளவுதான்."

"ரெண்டு வார்த்தை. மாசத்துக்கு ஒண்ணு. பாவம், கை வலிச்சிருக்கும்," என்றேன்.

ஒரோஸ்பெக் என்னை முறைத்தார். அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவர் என்று நானும் அவரைப் 'பைகே' என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் முறைப்பு மட்டும் மாமியார் முறைப்பு. இருபத்தாறு வருஷம் மலைக் கணவாயில் சுங்கச் சாவடி எடைமேடையில் நின்றவர். லாரியின் டயரைப் பார்த்தே உள்ளே என்ன சரக்கு என்று சொல்லுவார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சில நேரம் சரியாகும் என்பதுதான். மீதிக்கு நான் இருக்கிறேன். பெயர் மீரிம். முன்பு மொழிபெயர்ப்பாளர். வாய்த்துடுக்கால் அந்த வேலை போனது. இந்த வேலை அதே வாய்த்துடுக்கால் கிடைத்தது.

"நடந்ததைச் சுருக்கமா சொல்லு சினாரா. அழாம சொல்லு."

சினாரா அழாமல் சொல்லத்தான் பார்த்தாள். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு துணிக் கிடங்கு. மதியம் மூன்று இருபதுக்குப் பின்வாசல் காவலாளியை யாரோ இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மனிதர் இறந்துபோனார். கம்பி எர்மெக்கின் கருவிப் பெட்டியில் இருந்தது. அன்று காலையில்தான் கார் நிறுத்தும் இடத்துக்காக எர்மெக்கும் காவலாளியும் கத்திக்கொண்டதைப் பாதிக் கிடங்கு பார்த்திருக்கிறது. மறுநாள் காலை போலீஸ் எர்மெக்கைக் கூட்டிப்போய்விட்டது.

"தம்பி அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கிறவன். மூணுலேருந்து நாலு வரைக்கும் மாடி வராந்தாவுல ஒயர் இழுத்துட்டிருந்தேன், கேமரா என்னைப் பார்த்துட்டே இருந்துதுங்கிறான். கேமராவும் ஓடியிருக்கு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஃபைல். அந்த மூணு டு நாலு ஃபைலும் இருக்கு. பேர் சரி, தேதி சரி. திறக்கத்தான் மாட்டேங்குது. இன்னைக்கு மூணு மணிக்குள்ள வீடியோவைக் கொண்டாங்க, இல்லேன்னா தீர்ப்புன்னுட்டார் ஜட்ஜ்."

பென் டிரைவைச் செருகினேன். ஒரே ஒரு ஃபைல். ஏறக்குறைய இரண்டு ஜிபி. சொடுக்கினால் கறுப்புச் சதுரம் வந்து, மன்னிப்புக் கேட்டு, போய்விட்டது.

"எனக்கொரு காப்பி அனுப்பி வை," என்றார் ஒரோஸ்பெக்.

"ரெண்டு ஜிபி, பைகே. மெயில்ல போகாது."

"பொட்டலம் கட்டி அனுப்புவியே, அந்த மாதிரி."

"வீடியோவைப் பொட்டலம் கட்டினா சுருங்காது. ஏற்கெனவே சுருக்கித்தான் கேமரா எழுதும். பிழிஞ்ச துணியைத் திரும்பப் பிழியற கதை."

"கட்டித்தான் பாரேன். உன் கை தேஞ்சா போயிடும்?"

கட்டினேன். அரை நிமிஷத்தில் முடிந்தது. அளவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன்.

"பைகே, ரெண்டு ஜிபி ரெண்டு எம்பி ஆயிடுச்சு."

"அப்படின்னா?"

"ஆயிரத்துல ஒரு பங்கு. பாருங்க, பொட்டலம் கட்டற புரோகிராம் என்ன பண்ணும்? 'ஆடு ஆடு ஆடு'ன்னு நூறு தடவை எழுதியிருந்தா, 'ஆடு, நூறு தடவை'ன்னு குறிச்சு வச்சுக்கும். வெவ்வேற சமாசாரம் இருந்தா அந்தப் பருப்பு வேகாது. இவ்வளவு சுருங்குதுன்னா உள்ளே ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே எழுத்துதான் இருக்கணும்."

ஃபைலின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். பூஜ்யம். அடுத்த வரியும் பூஜ்யம். கீழே தள்ளிக்கொண்டே போனேன். விரல் வலித்ததுதான் மிச்சம்.

"கெட்டுப்போகலை எஜே," என்று அக்கா முறை வைத்துச் சொன்னேன் சினாராவிடம். "கெட்டுப்போறதுக்கு உள்ளே ஏதாவது இருக்கணுமில்ல? இது காலி. யாரோ இந்த அளவுக்குன்னே செஞ்சு வச்ச காலி ஃபைல்."

ஒரோஸ்பெக் சட்டைப்பையிலிருந்து ஒரு குருத் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்புத் தயிரைக் காயவைத்த அந்தக் கல் அவர் கன்னத்தில் உருள ஆரம்பித்தால் மூளையும் உருளுகிறது என்று அர்த்தம்.

"ஒரு தடவை பட்டு ஏத்தின லாரி வந்துது," என்றார். "பேப்பர்ல பதினெட்டாயிரத்து இருநூத்து நாப்பது கிலோ. மேடையிலயும் அதே பதினெட்டாயிரத்து இருநூத்து நாப்பது. என் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுட்டார். நான் தார்ப்பாயை அவுத்தேன். செங்கல். எடை சரியா இருந்தா சரக்கு சரின்னு அர்த்தமா? எடைக்கு எடை கல்லு வைக்கத் தெரியாதவனா திருடன்? மீரிம், இந்தச் செங்கலை எப்போ ஏத்தினாங்கன்னு பாரு."

பார்த்தேன்.

"கடைசியா எழுதினது அதே வியாழக்கிழமை. ஆறு அஞ்சு."

"மூணுலேருந்து நாலு வரைக்கும் ஓடின பதிவு, நாலு மணிக்கு முடிஞ்சிருக்கணும். ஆறு அஞ்சுக்கு அதுல யாருக்கு என்ன வேலை?" ஒரோஸ்பெக் எழுந்துவிட்டார். "காவலாளியை அடிச்சு மூணு மணி நேரம்கூட ஆகலை. அதுக்குள்ள ஒருத்தன் எர்மெக்கைக் காப்பாத்தற வீடியோவை எடுத்துட்டு, அதே எடைக்குக் காலி ஃபைலை வச்சிருக்கான். இதைச் செஞ்சவன் யாரோ அவன்தான் கொலைகாரன். அவனைக் காட்டினா போதும், வீடியோவே வேண்டாம்."

சினாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி வந்துடுவானா பைகே?"

"வருவான்."

இரண்டு வருஷத்தில் அவர் யாருக்கும் அப்படி உறுதி சொல்லி நான் கேட்டதில்லை.

கிடங்குக்குப் போகும்போது பதினொன்றரை. என் காரின் பின் இருக்கையில் சினாரா மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். பையில் எர்மெக்கின் வெள்ளைச் சட்டை, செருப்பு. சிறையிலிருந்து நேராக வீட்டுக்கு அழைத்துப் போகலாமென்று காலையிலேயே எடுத்து வைத்தாளாம்.

"நீ வண்டியிலேயே இரு," என்றார் ஒரோஸ்பெக் அவளிடம். "உன்னைப் பார்த்தா அங்கே வாயைத் திறக்க மாட்டாங்க."

கிடங்கின் பதிவறை லுத்மிலா பெத்ரோவ்னாவின் ராஜ்யம். அறுபது வயது, சிவப்புச் சாயத் தலை, ஜன்னல் நிறைய ஜெரேனியம் தொட்டிகள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் கடவுச்சொல் பெரிய எழுத்தில் இருந்தது.

"இது ரகசியம் இல்லையா, லுத்மிலா பெத்ரோவ்னா?" என்று கேட்டேன்.

"ரகசியம்தான். அதனாலதான் அறைக்குள்ள ஒட்டியிருக்கேன், வாசல்ல ஒட்டல."

"யார் யார் இந்தப் பேர்ல உள்ளே போவாங்க?"

"எல்லாரும். ஆளுக்கொரு பேர் வச்சா எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

ஆக, யார் செய்தது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. ஒரோஸ்பெக் குருத்தை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"வீடியோ ஃபைலெல்லாம் நீங்கதான் சரிபார்க்கிறீங்களா?"

"வேற யாரு? ஜனவரியில பழைய டிஸ்குலேருந்து புதுப் பெட்டிக்கு மாத்தினோமே, ஒவ்வொண்ணா நான்தான் பார்த்தேன்." அவள் பெருமையாக ஒரு தடித்த நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வரியிலும் ஃபைலின் பெயர், பழைய அளவு, புது அளவு, பக்கத்தில் பச்சை மையில் டிக். நாலாயிரத்துச் சொச்சம் டிக்.

"திறந்து பார்த்தீங்களா?"

"நாலாயிரம் மணி நேர வீடியோவையா? நான் என்ன நாலு ஆயுசு வாங்கிட்டா வந்திருக்கேன்? கிடங்குல ரூல் ஒண்ணுதான். துணி மூட்டை வந்தாலும் எடை, ஃபைல் வந்தாலும் எடை. எழுதினதும் வந்ததும் சமமா இருந்தா டிக். பிசகே கிடையாது."

ஒரோஸ்பெக் என்னைப் பார்த்தார். நான் ஜெரேனியத்தைப் பார்த்தேன். இந்த அம்மாளிடம் அந்த லாரி வந்திருந்தால் செங்கலையும் பட்டு என்று பச்சை மை போட்டிருப்பாள்.

மேலாளர் வலேரி பாக் அப்போது உள்ளே வந்தார். கொரியக்காரர், மெலிந்தவர். எங்களைப் பார்த்ததும் நெற்றியில் வியர்வை. மே மாதம்தான், ஆனால் அவ்வளவு வெயில் இல்லை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கொலைகாரன் என்றால் இப்படித்தான் வியர்க்க வேண்டும்.

"போலீஸ்கிட்ட எல்லாம் சொல்லியாச்சே," என்றார்.

"போலீஸ் கேட்காததை நான் கேட்கிறேன்," என்றார் ஒரோஸ்பெக். "அந்த வியாழக்கிழமை ஆறு அஞ்சுக்கு நீங்க எங்கே இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. காவலாளிக்கு ரத்தம் குடுத்துட்டிருந்தேன். சீட்டு இருக்கு." சட்டென்று குரல் தழைந்தது. "நாலு மாசமா தூக்கம் இல்லீங்க. எர்மெக் அப்படிப்பட்ட பையன் இல்ல. அந்த வீடியோ திறந்திருந்தா... நான் அவனைக் கைவிட்டுட்டேனோன்னு..."

சீட்டு உண்மையிலேயே இருந்தது. ஆறு மணி என்று ஆஸ்பத்திரி முத்திரையோடு. வியர்வை வெறும் வியர்வைதான். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"புதுப் பெட்டியில நான் கொஞ்சம் துழாவலாமா?" என்று கேட்டேன். வலேரி தலையாட்டினார். கடவுச்சொல்தான் கண்ணெதிரே தொங்குகிறதே.

பத்து நிமிஷத்தில் கிடைத்தது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், எண்ணி எட்டே வரி. வியாழக்கிழமை ஐந்து ஐம்பதுக்கு எழுதியது.

"கண்டுபிடிச்சுட்டேன் பைகே! செங்கல் சூளை இதுதான். ஒரு பட்டியல் குடுத்தா அதுல இருக்கிற பேர், அதுல இருக்கிற அளவு, அப்படியே காலி ஃபைல் செஞ்சு தள்ளிடும். ஆறு அஞ்சுக்கு இதுதான் ஓடியிருக்கு."

"எழுதினவன் பேர் இருக்கா?"

"இல்ல. ஆனா ஃபைல்களை எங்கே போடணும்னு நாலு டிஸ்குக்கு நாலு பேர் வச்சிருக்கான். வேடிக்கையான பேர். கோய்ச்சுகே, தெலேபாய், இத்திகே, பொரோன்சு."

ஒரோஸ்பெக்கின் கன்னத்தில் குருத் நின்றுவிட்டது.

"லுத்மிலா பெத்ரோவ்னா, இந்தப் பேரெல்லாம் என்ன?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ கம்ப்யூட்டர் பேர்னு நினைச்சேன்."

"கம்ப்யூட்டர் பேராம்!" ஒரோஸ்பெக் தொடையைத் தட்டிக்கொண்டார். "மீரிம், இத்திகேன்னு உயிரோட எவனையாவது பார்த்திருக்கியா? பொரோன்சுன்னு எவனாவது பிள்ளைக்குப் பேர் வைப்பானா? இதெல்லாம் இருநூறு வருஷப் பழசு. இது ஒருத்தன் வீட்டு ஏழு தகப்பன் வரிசை. அதுல மேல் நாலு பேர்."

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். கிர்கிஸ் வீட்டில் பிறந்துவிட்டு இது தெரியவில்லை என்றால் என்னைக் கழுதை என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சு வந்த உடனே எங்களுக்குச் சொல்லித்தருவது தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஏழு பேர். பெண் பார்க்கப் போனாலும் கேட்பார்கள், சண்டை போடப் போனாலும் கேட்பார்கள்.

"ஏன் மேல் நாலு? கீழ் மூணை ஏன் விட்டான்?" என்றேன்.

"அப்பா பேரையும் தாத்தா பேரையும் டிஸ்குக்கு வச்சுட்டு, 'அப்பா நிரம்பிட்டார், தாத்தா பழுதாயிட்டார்'னு கத்த எவனுக்கு மனசு வரும்? மரியாதை தெரிஞ்ச கொலைகாரன். கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கான்! வலேரி, உங்க ஆளுங்கள்ல கிர்கிஸ்காரங்க எத்தனை பேர்? எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொல்லுங்க."

பதினேழு பேர் வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், சமையற்காரர், ஒரு காசாளர் பெண். ஒரோஸ்பெக் ஒவ்வொருவர் முன்பும் போய் நின்று, "ஏழு தகப்பன் பேரைச் சொல்லு" என்றார். கொலை விசாரணையா, கல்யாணச் சம்பந்தமா என்று புரியாமல் அவர்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஒரு பையன் ஐந்தோடு நின்றுவிட்டு முகம் சிவந்தான்.

"ஆறாவது?" என்றார் ஒரோஸ்பெக்.

"பைகே, வீட்ல சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினான்.

"உன்னைத்தான்டா முதல்ல உள்ளே தள்ளணும்," என்றேன்.

பதினேழு வரிசை, நூற்றுப் பதினேழு கிழவர்கள். ஒருவர் வீட்டிலும் பொரோன்சு இல்லை. மணி ஒன்றேகால்.

"வேற யாராவது விட்டுப்போச்சா? வேலையை விட்டுப் போனவங்க?" ஒரோஸ்பெக்கின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "கோய்ச்சுகே, தெலேபாய், இத்திகே, பொரோன்சு! இந்த நாலு பேருக்குப் பிறந்தவன் எவன்?"

"நாங்கதான், பைகே."

திரும்பினோம். வாசலில் சினாரா நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வண்டியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். முகத்தில் பெருமைகூட இருந்தது.

"எங்க வரிசைதான் அது. அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தாவுக்கு மேல கோய்ச்சுகே. அவர் அப்பா தெலேபாய். அவர் அப்பா இத்திகே. அதுக்கும் மேல பொரோன்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்? தம்பி சொன்னானா?"

ஒரோஸ்பெக்கும் முற்றத்தில் நின்ற பதினேழு பேரும் எர்மெக்கின் அக்காவையே பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறீங்க?" என்றாள் சினாரா.

நான் பதிவறைக்கு ஓடினேன். அந்த ஒரு ஃபைலை மட்டும்தானே பார்த்தோம்? பக்கத்து ஃபைலைப் பொட்டலம் கட்டினேன். ஆயிரத்தில் ஒரு பங்கு. முந்தின நாள் ஃபைல். அதுவும். அதற்கு முந்தின வாரம், வாசல் கேமரா, கூடத்துக் கேமரா. எங்கே கை வைத்தாலும் பூஜ்யம். லுத்மிலா பெத்ரோவ்னா பச்சை மையில் டிக் போட்ட நாலாயிரத்துச் சொச்சமும் காலி.

ஒரோஸ்பெக் பின்னால் வந்து நின்றார்.

"ஒண்ணை மறைக்கறதுக்கு எவனாவது நாலாயிரம் செய்வானா பைகே? இது மறைக்கச் செஞ்சது இல்ல," என்றேன். "சோதனை. இந்த நோட்டுப்படி திங்கட்கிழமை பழைய டிஸ்குலேருந்து இங்கே மாத்தணும். புதுப் பெட்டி இவ்வளவு பாரத்தைத் தாங்குமான்னு முன்கூட்டியே பார்க்க, உண்மையான பேர், உண்மையான அளவுல காலி ஃபைல் செஞ்சு ஏத்திப் பார்த்திருக்கான். பொறுப்பான ஆள் எவனும் இதைத்தான் செய்வான். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் துடைச்சிருப்பான்."

"வெள்ளிக்கிழமை காலையில அவனைப் பிடிச்சுட்டாங்க."

"ஆமா. திங்கட்கிழமை வேற யாரோ மாத்தற புரோகிராமை ஓட விட்டிருக்காங்க. அது பார்த்திருக்கும்: அதே பேர், அதே அளவு, ஏற்கெனவே அங்கே இருக்கு. சரி, வந்து சேர்ந்தாச்சுன்னு ஒவ்வொண்ணையும் தாண்டிப் போயிருக்கும். அப்புறம் இந்த அம்மா நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. எடை சரி. டிக்."

லுத்மிலா பெத்ரோவ்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒண்ணுவிடாம சரிபார்த்தேனே," என்றாள். "ஒண்ணுவிடாம."

"பழைய டிஸ்கு?" ஒரோஸ்பெக் வலேரியிடம் திரும்பினார். "பழைய டிஸ்கு எங்கே?"

"டிக் போட்டதும் துடைச்சுடலாம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். துடைச்சு, திரும்பக் கேமராவுலயே மாட்டிட்டோம். நாலு மாசமா அதுலதான் ஓடுது."

ஒரோஸ்பெக் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகுமா என்று கேட்கிற பார்வை.

"இல்ல பைகே. பத்து நாளைக்கு ஒரு தடவை நிரம்பி, திரும்ப முதல்லேருந்து எழுதும். அதுமேல பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியாச்சு. எந்த நிபுணராலயும் முடியாது. கடவுளாலயும் முடியாது."

சினாரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. போதுமான அளவு புரிந்துவிட்டது என்று அவள் பையை நெஞ்சோடு பிடித்ததிலேயே தெரிந்தது.

"என் தம்பியேவா?" என்றாள். "அவன் வேலைதான் அவனுக்கு எமனாச்சா?"

வண்டியில் நகரத்துக்குத் திரும்பும்போது பேசவேண்டியதைப் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. ஒரோஸ்பெக் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். அப்படி உடைந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சினாரா, காலையில நான் என்ன சொன்னேன்? அந்தக் காலி ஃபைலைச் செஞ்சவன்தான் கொலைகாரன்னு சொன்னேன். நான் சொன்னதையே அரசு வக்கீலும் சொல்லுவார். அடிச்ச அன்னைக்கே, ஆறு மணிக்கு, எட்டு வரியில, உன் வீட்டுப் பாட்டன் பேரோட இருக்கு. ஒண்ணை மறைக்க நாலாயிரத்தையும் அழிச்சான்னுதான் சொல்லுவாங்க. இதைக் கோர்ட்ல குடுத்தா அவன் இன்னும் மாட்டுவான். குடுக்கலேன்னா அவன் கையில ஒண்ணுமே இல்ல."

"அப்போ என்ன செய்யறது?"

"எனக்குத் தெரியலைம்மா."

"நீங்கதானே பைகே வருவான்னு சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்தச் சாவுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள் நான். நானும் கியரை மாற்றினேன், அவ்வளவுதான். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. காலையிலேயே ஒன்றும் முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தால், சினாராவுக்கு ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோர்ட்டுக்குள் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் எர்மெக் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முப்பத்தொரு வயது, ஒட்ட வெட்டிய தலை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எஜே! வீடியோ திறந்துதா?"

சினாரா முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

நீதிபதி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பில் துப்பறிவாளர் ஒருவரை அனுமதிக்கக் கேட்டிருக்கிறீர்கள். கோப்பு கிடைத்ததா?"

ஒரோஸ்பெக் எழுந்தார். லாரிகளை ஒற்றைக் கையசைப்பில் நிறுத்திய மனிதர், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கோப்பு கெட்டுப்போகவில்லை, ஐயா. அது காலி. அதே அளவுக்கு ஒருவர் உருவாக்கி வைத்த காலிக் கோப்பு."

அறையில் சலசலப்பு. எர்மெக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தான்.

"நான் சொன்னேன்ல! நாலு மாசமா இதைத்தானே சொல்றேன்! எவனோ வேணும்னே மாத்தியிருக்கான். என்னை மாட்டிவிட்டவன் அவன்தான். யாருன்னு கண்டுபிடிச்சீங்களா பைகே? பேரைச் சொல்லுங்க!"

"அமைதி," என்றார் நீதிபதி. பிறகு ஒரோஸ்பெக்கிடம், "கேள்வி நியாயமானதுதான். உருவாக்கியது யார்?"

ஒரோஸ்பெக் சினாராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க பைகே! எதுக்குப் பயப்படறீங்க?" எர்மெக்கின் கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. "வலேரியா? யாரா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க!"

"வியாழக்கிழமை," என்றார் ஒரோஸ்பெக். நீதிபதியிடம் அல்ல, அவனிடம். "சாயங்காலம் ஆறு அஞ்சு. எட்டு வரி ஸ்கிரிப்ட். நாலாயிரம் ஃபைலும் ஒரே நேரத்துல."

தட்டல் குறைந்தது. அவன் முகத்தில் கணக்குப் போடுவது தெரிந்தது. கணக்கு முடிந்ததும் தெரிந்தது.

"அதை நான் வெள்ளிக்கிழமை துடைக்கிறதா இருந்தேனே," என்றான் மெதுவாக. பிறகு அக்காவிடம், "எஜே, பழைய டிஸ்கு இருக்குமே? பழைய டிஸ்கைக் கேட்டீங்களா?"

சினாரா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "இல்லடா," என்றாள்.

அரசு வக்கீல் அதற்குள் எழுந்துவிட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் இப்போது சொன்னதை வரிவிடாமல் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தட்டச்சுக்காரி தட்ட ஆரம்பித்தாள். எர்மெக் கூண்டுக்குள் இருந்த பலகையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் யார் பெயரையும் கேட்கவில்லை.